நாற்பத்தொன்றாம் பக்கம் யாருடையது?

எங்கள் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை எழுதுகிற நான் அவருடைய மூத்த மகள். கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் பல வருடங்களாக டைப் செய்கிறேன். உங்களில் பலருடைய வீட்டு நினைவு மலரை டைப் செய்தவளும் நான்தான். பிறந்த ஊர், பட்ட கஷ்டம், நல்ல குணம், கடைசி நாட்கள், நன்றி என்ற வரிசை எனக்குத் தூக்கத்தில்கூட வரும். எழுத வராமல் விழிப்பவர்களுக்கு, "இப்படிப் போட்டுக்கலாம் சார்" என்று நாலு வரி நானே சேர்த்துக் கொடுத்ததும் உண்டு. சொந்த அப்பாவுக்கு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. துக்கம் ஒரு பக்கம். அதைவிடக் குழப்பம்தான் பெரிதாக இருக்கிறது. அப்பா தன் கையெழுத்தில் ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் எது அவருடைய வாழ்க்கை என்று எங்களுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்பா திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமத்தில் பிறந்தார். அவரைப் பெற்றவர்கள் பண்ணையில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அவர்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் அப்பாதான். தேறிய பிறகு வேலை வரும் என்று ஆறு வருடம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. வேறு வழியில்லாமல் எங்கள் ஊர் தாலுகா ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை ஓரமாக ஒரு மேசை போட்டு மனு எழுத உட்கார்ந்தார். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எதற்கு வந்தாலும் அப்பா எழுதிக் கொடுத்த மனுவை ஆபீசில் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று பெயர். எதிரே உட்கார்ந்து அழுபவர்களை அழவிட்டு, முடிந்ததும் பேனாவைத் திறப்பார். "அழுவுறத எழுத முடியாது. எதுக்கு அழுவுறீங்களோ அத எழுதலாம், சொல்லுங்க" என்பார். இதை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

வீட்டில் அவர் வாயைத் திறக்க மாட்டார். கால் வலிக்கிறதா என்று கேட்டால், "இருக்கும்" என்பார். சாப்பாடு எப்படி என்றால், "ஆச்சு" என்பார். பகல் முழுவதும் ஊர்க்கதையைக் கேட்டு எழுதிவிட்டு வரும் மனிதருக்குச் சொந்தக் கதை என்று ஒன்று இருக்குமா என்றே எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று எட்டு வார்த்தை பேசினார் என்றும், மிச்சத்தை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்றும் அம்மா கேலி செய்வார்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். நினைவு மலரில் இதையெல்லாம் போடலாமா என்று தம்பி கேட்டான். போடாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

பிளஸ் டூ முடித்ததும் எனக்குத் தமிழ் இலக்கியம் படிக்க ஆசை. கும்பகோணத்தில் கல்லூரி விண்ணப்பம் வாங்கி அப்பாவிடம் கொடுத்தேன். ஊருக்கே விண்ணப்பம் நிரப்புகிறவர் வீட்டில் இருக்கும்போது நான் ஏன் நிரப்ப வேண்டும் என்ற நினைப்பு. அது ஜமாபந்தி சமயம். வருடத்துக்கு ஒரு முறை அதிகாரிகள் உட்கார்ந்து ஊர் ஊராக மனு வாங்குகிற அந்த நாட்களில் அப்பாவைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. கடைசித் தேதி போய் ஒரு வாரம் கழித்து, அப்பாவின் மஞ்சள் பையில் யாருடைய பட்டா மாறுதல் மனுவுக்கோ அடியில் என் விண்ணப்பத்தைப் பார்த்தேன். பெயர் வரைக்கும் நிரப்பியிருந்தார். நான் அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். அடுத்த வருடம் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஏன் மறந்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. மூன்று மாதம் பேசாமல் இருந்தேன், பிறகு பேசினேன். அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரில் யார் யாருக்கோ தேதி தவறாமல் செய்து கொடுத்தவர் எனக்கு மட்டும் மறந்தது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

இனி அந்த நோட்டு.

எங்கள் அச்சகத்தில் ஒரு புதிய சரக்கு போட்டோம். கேள்வி டைரி என்று நாங்கள் சொல்லுவோம். வாரத்துக்கு ஒரு கேள்வி வீதம் ஐம்பத்திரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு கேள்வி, கீழே கோடு போட்ட வெற்று இடம். படிப்பவர் தன்னைத் தானே கேட்டுப் பார்த்து எழுத வேண்டும். இந்த மாதிரி இங்கிலீஷில் நிறைய வருகிறது, பிள்ளைகள் வாங்குகிறார்கள், தமிழில் போட்டால் என்ன என்று முதலாளி கேட்டார். கேள்விகளைத் தயார் செய்யும் வேலையை என்னிடம் விட்டார். நான் பாதியை அங்கே இங்கே பார்த்து எழுதினேன். மீதியை அப்பாவை நினைத்து எழுதினேன். குறிப்பாக நாற்பத்தொன்றாவது கேள்வி: "யாரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருக்கிறீர்கள்?" மிஷினிலிருந்து வந்த முதல் பிரதியை அப்பாவிடம் கொடுத்தேன். உங்களைப் பற்றி எழுதுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் புரட்டினார். விண்ணப்பத்தைச் சரிபார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"கேள்வி சரியா இல்லையே பாப்பா. பேரு, ஊரு, எப்ப நடந்துச்சுன்னு ஒண்ணும் கேக்கல. 'அப்போது எப்படி உணர்ந்தீர்கள்'னா அதுக்கு என்னத்த ஆதாரம் வைக்கிறது?"

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. ஆதாரம் ஒன்றும் வேண்டாம், மனதில் இருப்பதை எழுதுங்கள் என்றேன். சரி என்று மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து எழுதுகிறீர்களா என்று கேட்டேன். "எழுதிக்கிட்டுதான் இருக்கேன். நல்ல கேள்வியாத்தான் கேட்டுருக்க" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அப்பா தன்னைப் பற்றி எழுதுகிறார் என்று அச்சகத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

போன வருடம் இதே மாதத்தில் அப்பாவுக்கு நெஞ்சில் வலி வந்தது. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். சேர்க்கும்போது தம்பி நிரப்பிய படிவத்தை வாங்கிப் பார்த்து, முகவரியில் வட்டத்தின் பெயர் விட்டுப்போனதைத் திருத்தினார். ஒன்பதாம் நாள் என்னைக் கூப்பிட்டு டைரி பத்திரமா என்று கேட்டார். பத்திரம் என்றேன். "இன்னும் நாலஞ்சு பேரு பாக்கி இருக்காங்க" என்றார். யார் பாக்கி, என்ன பாக்கி என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். மருந்து மயக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று நானும் தம்பியும் விட்டுவிட்டோம்.

கருமாதி முடிந்த மறுநாள் நாங்கள் மூவரும் உட்கார்ந்து டைரியைத் திறந்தோம். நான் சத்தமாகப் படித்தேன். வாழ்க்கையில் மறக்க முடியாத நாள் எது என்ற கேள்விக்கு, "முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டுக்குப் படகில் போன நாள். பயந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை இன்னும் ஞாபகம் இருக்கிறது" என்று அப்பாவின் அழகான எழுத்தில் இருந்தது.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். போய்த் திரும்பி வந்தார்.

"இவரு எப்படி முத்துப்பேட்டைக்குப் போனாரு? யாருடி கையப் புடிச்சது?"

அடுத்த பக்கத்தைத் திருப்பினால், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்ற கேள்விக்கு, மகன் குடித்துவிட்டு வருகிற நேரத்துக்கு என்று இருந்தது. இப்போது அம்மா தம்பியைப் பார்த்தார். தம்பிக்குக் காபிகூடக் கொஞ்சம் அதிகமானால் ஆகாது. அவன் சாமி சத்தியமாக இல்லை என்று கிட்டத்தட்ட அழுதான். இன்னொரு பக்கத்தில், பத்து வயதில் சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறையில் சேர்ந்ததாகவும், உருகிய மெழுகின் வாசனை வந்தால் இன்றும் வயிறு பசிப்பதாகவும் எழுதியிருந்தது. அப்பா பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் இருந்ததற்கு எங்களிடம் சர்டிபிகேட்டே இருக்கிறது. இத்தனை வருடம் யாருடன் இருந்தோம் என்று நினைத்துக்கொண்டே டைரியை மூடி வைத்தேன். அம்மா அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

சாயங்காலம் தம்பிதான் பதினேழாம் பக்கத்தைக் கண்டுபிடித்தான். உங்கள் தைரியத்தை நீங்களே மெச்சிக்கொண்ட தருணம் எது என்ற கேள்விக்கு, "மூன்று பிரசவமும் வீட்டிலேயே நடந்தது. மூன்றாவது பிள்ளைக்கு நானே தொப்புள்கொடி அறுத்தேன்" என்று அப்பா எழுதியிருந்தார். தம்பி அதை இரண்டு தடவை படித்தான். பிறகு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். துக்க வீட்டில் இப்படிச் சிரிக்கிறார்களே என்று பக்கத்து வீட்டில் நினைத்திருந்தால் மன்னிக்கவும்.

விஷயத்தை விளக்கியது சபுரா அக்கா. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். முத்துப்பேட்டையில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ வந்தவர், கணவர் துபாயில் இருந்தபோதே தவறிவிட்டார். விதவை உதவித்தொகைக்காக அப்பாவிடம் நிறைய நாள் வந்திருக்கிறார். ஒரு மாதம் கழித்து துக்கம் கேட்க வந்தவர் மேசையில் டைரியைப் பார்த்ததும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முத்துப்பேட்டைப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"அந்தப் படகுல போனது நான் சொன்னது பாப்பா. கையப் புடிச்சது எங்க வீட்டுக்காரங்க. தாசில்தார் கையெழுத்துக்குக் காத்துக்கிட்டு இருப்போம்ல, அப்ப அண்ணன் இத எடுப்பாங்க. 'எம்மவ கேட்டிருக்கா, ஒங்கள யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டாங்க, சொல்லுங்க எழுதுறேன்'பாங்க. எழுதி முடிச்சு ஒரு தடவ படிச்சுக் காட்டுவாங்க. சரின்னு சொன்னா கீழ ஒரு டிக் போட்டுடுவாங்க."

அம்மா சபுரா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. எதற்கு அவ்வளவு பாசம் என்று சபுரா அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. இந்த மலரைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

மனு எழுதுகிறவர் வாழ்நாள் முழுவதும் "நான்" என்று எழுதுவது மற்றவர்களுக்காகத்தான். "நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன்" என்று அப்பா எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பார். அதில் ஒரு முறைகூட அது எங்கள் முகவரியாக இருந்திருக்காது. கேள்வி இருக்கிற ஒரு தாளைக் கையில் கொடுத்தால் எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கேட்டு நிரப்பத்தான் அவருக்குத் தெரியும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. உங்களைப் பற்றி எழுதுங்கள் என்று கொடுத்தால் ஊரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறாரே மனுஷன் என்று அவர் போட்டோவிடமே கேட்டேன். ஆஸ்பத்திரியில் பாக்கி என்று சொன்னது யாரை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இப்போது உண்மையான குழப்பத்துக்கு வருகிறேன். டிக் இருக்கிற பக்கமெல்லாம் யாருக்கோ படித்துக் காட்டியது. ஆகவே அது அப்பாவுடையது இல்லை. டிக் இல்லாமல் ஏழு பக்கம் இருந்தது. தனக்குத் தானே யாரும் படித்துக் காட்டிக்கொள்ள மாட்டார்கள் அல்லவா? அதனால் அந்த ஏழும் அப்பாதான் என்று நான் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு சந்தேகம் வந்தது. திங்கட்கிழமைகளில் லீவு போட்டு அப்பாவின் ஸ்டூலில் போய் உட்கார்ந்து, அங்கே வருகிறவர்களிடம் விசாரித்தேன். ஒரு அம்மா, சொல்லி முடித்ததும் பஸ் வந்துவிட்டது, படிக்கக் கேட்கவில்லை என்றார். ஒருவரை உள்ளே பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்களாம். மழை வந்ததும் அப்பா மேசையை உள்ளே தூக்கிவிட்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். ஒவ்வொரு பக்கமாக என் கையை விட்டுப் போனது. எல்லோரும் அப்பாவை நினைத்து அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் நான் எனக்காகவும் அழுதேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இவர்கள் சொன்னதில் எதையெல்லாம் அச்சில் போடலாம் என்று அவரவரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்ததை மட்டுமே இங்கே எழுதியிருக்கிறேன்.

மிச்சம் இருப்பது நாற்பத்தொன்றாம் பக்கம் ஒன்றுதான். அதற்கு டிக் இல்லை. யாரும் கேட்டு வரவில்லை. அதில் இருப்பது இவ்வளவுதான்:

"என் மகளிடம். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. படிக்க விரும்பினாள். உரிய காலத்தில் செய்ய வேண்டியதை நான் செய்யத் தவறிவிட்டேன். தவறு முழுவதும் என்னுடையது. ஏன் என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் மன்னிப்புக் கேட்டிருப்பேன்."

இதைப் படித்ததும் யாராக இருந்தாலும் அப்பா என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அப்பா யாருக்காக எழுதினாலும் இப்படித்தான் எழுதுவார். "உரிய காலத்தில்", "தவறிவிட்டேன்" எல்லாம் அவர் மனுவில் தினமும் வருகிற சொற்கள். மகளைப் படிக்க வைக்காத தகப்பன் நம் பக்கத்தில் ஒருவர் இருவரா? ஜெராக்ஸ் கடைக்காரர் வேறு, அப்பா எதிரில் உட்கார்ந்து மகளைப் பற்றிச் சொல்லி அழுத ஒரு பெரியவரைத் தான் பார்த்ததாகச் சொல்கிறார். எந்த ஊர் என்று தெரியவில்லையாம், வெள்ளைத் துண்டு போட்டிருந்தாராம். வெள்ளைத் துண்டை வைத்துக்கொண்டு இந்த ஜில்லாவில் நான் யாரைத் தேடுவது?

அதோடு வயது இடித்தது. விண்ணப்பம் தவறியபோது எனக்குப் பதினேழு. முடிந்த வயதைத்தான் போட வேண்டும் என்று எல்லோரையும் திருத்துகிறவர் அப்பா. அவர் போய்ப் பதினெட்டு என்று எழுதுவாரா? இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

"ஒனக்கு நெசமா பதினெட்டுதான் பாப்பா. ஸ்கூல்ல சேக்கும்போது ஒரு வயசு கொறச்சுப் போட்டாரு. நாளைக்கு கவுர்மெண்டு வேலைக்குப் போனா ஒரு வருஷம் கூடுதலா பாக்கலாமேன்னு."

முதல் வகுப்பில் சேர்க்கும்போதே நான் ரிட்டையர் ஆகிற நாள்வரை யோசித்திருக்கிறார் என் அப்பா. இத்தனை வருடம் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்படியானால் அந்தப் பக்கம் அவருடையதுதான் என்று நான் குதித்தேன். மறுநாள் காலையில் அம்மா வந்து, வயதைக் குறைத்தது எனக்கா தம்பிக்கா என்று இப்போது சரியாக நினைவில்லை என்றார். எங்கள் வீட்டில் ஒரு விஷயம் முழுசாகத் தெரிந்துவிட்டால் தெய்வக் குற்றம் ஆகிவிடும் போலிருக்கிறது.

இதற்கு மேல் என்னால் விசாரிக்க முடியவில்லை. ஆகவே வழக்கமான வரிசைப்படி நன்றிக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு இரவு பகல் பாராமல் வண்டி ஓட்டிய எதிர்வீட்டு மாமாவுக்கும், பதினோரு நாளும் அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பிய சின்ன அத்தைக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், இந்த மலரை அச்சடித்துத் தந்த எங்கள் முதலாளிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவிடம் பதில் சொன்ன எல்லோருக்கும் என் தனி நன்றி. உங்களைக் கேட்டுக் கேட்டு அப்பா கடைசி வருடத்தில் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டில்தான் பேசவில்லை, அதனால் என்ன.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நாற்பத்தொன்றாம் பக்கம் உங்களுடையதாக இருந்தால், அது எனக்குச் சேராது. சபையில் யாரும் எழுந்து சொல்ல வேண்டாம். பந்தி முடிந்து கடைசி ஆள் போகிறவரை நான் வாசலில் நிற்பேன். போகும்போது என் காதில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்தை அப்படியே எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிடுவேன், உங்கள் மகளிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். யாரும் சொல்லாவிட்டால் உள்ளே போய் அப்பா போட்டோவுக்கு முன் உட்கார்ந்து அதை ஒரு தடவை படித்துக் காட்டுவேன். சரியா அப்பா என்று கேட்டுவிட்டு, அவர் பேனாவாலேயே கீழே டிக் போடுவேன்.

இந்த மாதிரித் துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் நம் வழக்கம். உங்கள் எல்லோரையும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், வழக்கப்படியே போங்கள்.